‘பயங்கரவாதிகள் பட்டியல்’ தவறு, ‘கண்காணிப்புப் பட்டியல்’ சரி

அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் தமிழ்ச் செய்தியில் ஒரு வரி வந்துவிடுகிறது: ‘பயங்கரவாதிகள் பட்டியலில் இருப்பவரும் அங்கே துப்பாக்கி வாங்கலாம்.’ நேற்றும் கேட்டேன். இனியும் பொறுக்க முடியவில்லை.

சரியான சொல் கண்காணிப்புப் பட்டியல். கண்காணி என்றால் மேற்பார்வை செய்பவர். சோழர் கல்வெட்டுகளிலேயே உண்டு. தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் அவர்தான். பயங்கரவாதத் தொடர்பு இருக்குமோ என்று ஐயப்படுபவர்களின் பெயர்களை அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வைத்திருக்கும் பட்டியல் அது. அதன் வழக்கமான ஆங்கிலப் பெயரான ‘வாட்ச்லிஸ்ட்’ என்பதிலும் கண்காணிப்பு என்ற பொருள் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு சொல்தானே போயிற்று என்று விட முடியாது. பயங்கரவாதி என்றால் தீர்ப்பே சொல்லியாகிவிட்டது. அந்தப் பட்டியலில் பெயர் ஏறவோ ஐயம் போதும். வழக்கு வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம். 2016 ஜூனில் ஆர்லாண்டோ இரவு விடுதியில் 49 பேரைக் கொன்றவனை எஃப்.பி.ஐ. முன்பே விசாரித்திருந்தது. விசாரணை நடந்தவரை பட்டியலில் இருந்தான். வழக்கில்லாமல் விசாரணை முடிந்ததும் பெயர் நீங்கியது. பிறகு கடையில் சட்டப்படியே துப்பாக்கி வாங்கினான். அதே மாதம் 20ஆம் தேதி செனட்டில் துப்பாக்கி விற்பனை பற்றிய நான்கு சட்டத் திருத்தங்கள் வாக்கெடுப்புக்கு வந்தன, ஒன்றும் தேறவில்லை. நியாயமான ஐயம் இருந்தாலே அரசு விற்பனையைத் தடுக்கலாம் என்றது செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைனின் திருத்தம். மூன்று நாளுக்குள் நீதிபதியிடம் ஆதாரம் காட்ட வேண்டும் என்றது செனட்டர் ஜான் கார்னினுடையது. பயங்கரவாதிகள் பட்டியல் என்று எழுதிவிட்டால், நடுவில் நீதிபதி எதற்கு என்றுதானே வாசகர் கேட்பார்? 2004இல் செனட்டர் எட்வர்ட் கென்னடியையே, இப்படியொரு பட்டியலில் இருந்த பெயரோடு ஒத்துப்போனதால், விமான நிலையங்களில் நிறுத்தினார்கள்.

சிலர் ‘கறுப்புப் பட்டியல்’ என்கிறார்கள். கறுப்புப் பட்டியல் என்றால் கதவை அடைத்தாயிற்று. இந்தப் பட்டியலில் பெயர் இருப்பது மட்டுமே துப்பாக்கி விற்பனையைத் தடுக்காது. சண்டையே அதைப் பற்றித்தான். விமானத்தில் ஏறவிடாத பட்டியல் இதில் ஒரு சிறு பகுதிதான், அதை மட்டும் தடைப் பட்டியல் என்று சொல்லலாம்.

அப்புறம், ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’. விசாரிக்கப்பட்டவரை எல்லாம் இப்படியே எழுதுகிறார்கள். கடுங்குற்றத்துக்காகக் குற்றப்பத்திரிகை தாக்கலானவர் அங்கே புதிதாகத் துப்பாக்கி வாங்க முடியாது; வெறுமனே விசாரிக்கப்பட்டவர் வாங்கலாம். சொல்லை மாற்றிப் போட்டால் சட்டமே தலைகீழாகிறது. இதற்கு இலங்கைப் பத்திரிகைகளின் ‘சந்தேகநபர்’ எவ்வளவோ மேல். சந்தேகம் வடமொழி, நபர் அரபு; ஆனால் பொருள் பிசகவில்லை. நான் அதையே எழுதுகிறேன்.