எடையில் ஏழு சதவீதம் குறைத்தால் போதும் என்று ஏன் சொல்கிறார்கள்?

1997-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எடை குறைப்புச் சிகிச்சைக்கு வந்த 60 பெண்களிடம் ஆய்வாளர்கள் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொண்டார்கள்: எந்த எடைக்கு வந்தால் உங்களுக்கு ஆசை தீரும், எந்த எடையோடு நின்றுவிட்டால் ஏமாற்றம்? சராசரியாகத் தங்கள் எடையில் 32 சதவீதம் குறைய வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். 17 கிலோ மட்டும் குறைந்தால் அது ஏமாற்றம்தான் என்றார்கள். 48 வாரம் கழித்துப் பார்த்தபோது சராசரியாக 16 கிலோ குறைந்திருந்தது. மருத்துவர்கள் கண்ணுக்கு அது பிரமாதமான பலன். ஆனால் அந்தப் பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ‘ஏமாற்றம்’ என்று தாங்களே எழுதிக் கொடுத்த எடையைக்கூட எட்டவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2002-ல், இன்னொரு அமெரிக்க ஆய்வின் முடிவு வந்தது. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்த 3,234 பேர். ஒரு பிரிவினருக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை, ஒரு பிரிவினருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, மூன்றாவது பிரிவினருக்கு வாழ்க்கைமுறை மாற்றம். மூன்றாவது பிரிவினரிடம் கேட்டது இரண்டே விஷயம்: எடையில் 7 சதவீதம் குறையுங்கள், வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடங்கள். 80 கிலோ எடை உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது 5.6 கிலோ. ‘அஞ்சரை கிலோவுக்கா இவ்வளவு பாடு?’ என்றுதான் நம்மில் பலரும் கேட்போம். அதையும் எல்லோரும் எட்டவில்லை. ஆறு மாதத்தில் எட்டியவர்கள் பாதிப் பேர்தான். ஆனாலும் அந்தப் பிரிவில் சர்க்கரை நோய் வருவது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மினால் குறைந்தது 31 சதவீதம்.

இத்தனை சின்ன எடைக் குறைவுக்கு இவ்வளவு பலன் எப்படி? கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. தோலுக்கு அடியில், தொடையிலும் இடுப்பிலும் சேரும் கொழுப்பு பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. அந்த இடத்துக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அது ஆளுக்கு ஆள் மாறும். குதிர் நிறைந்த பிறகு மிச்ச நெல்லை நடையிலும் கூடத்திலும் கொட்டி வைப்பது மாதிரி, அந்தக் கொள்ளளவு தாண்டியதும் உடல் கொழுப்பைக் கல்லீரலிலும் கணையத்திலும் குடலைச் சுற்றியும் போட ஆரம்பிக்கிறது. கல்லீரலில் கொழுப்பு ஏறினால் அது இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை. சாப்பிடாத நேரத்திலும் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த டெஸ்டில் சர்க்கரை அதிகம் காட்டுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் காலியாவது கூடத்தில் கிடக்கும் நெல்தான். கல்லீரல் கொழுப்பு மற்ற இடத்துக் கொழுப்பைவிட வேகமாகக் கரையும். 5 சதவீத எடைக் குறைவிலேயே கல்லீரல் இன்சுலினுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல ஆரம்பிப்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கண்ணாடியில் ஒரு மாற்றமும் தெரியாத அந்த முதல் நாலைந்து கிலோவில்தான் உள்ளே பெரிய வேலை நடக்கிறது.

இந்தியர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் பிரிட்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) ஒன்றேதான், 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். யுட்கின் மாரத்தான் ஓடுபவர். தன்னுடைய முக்கிய உடற்பயிற்சி, மருத்துவமனை லிஃப்டின் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பது என்று யாஜ்னிக் தன்னையே கிண்டல் செய்திருந்தார். ஒல்லியாகத் தெரிகிறோம் என்பதால் கொழுப்பு இல்லை என்று ஆகிவிடாது. இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று எல்லையைக் கீழே இறக்கியதும் இதனால்தான்.

சரி, 7 சதவீதத்தில் இவ்வளவு பலன் என்றால் 25 சதவீதம் குறைத்தால் இன்னும் நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் உடல் சும்மா விடாது.

ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. இதை வைத்து ஒரு பழைய கணக்கு உண்டு. 1958-ல் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியது. இன்றும் பல டயட் சார்ட்டுகள் இதன் மேல்தான் நிற்கின்றன. நீங்கள் தினம் மூன்று காபி குடிக்கிறீர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஸ்பூன், 30 கிராம், 120 கலோரி. அதை அடியோடு நிறுத்தினால் பழைய கணக்குப்படி ஆண்டுக்கு ஐந்தே முக்கால் கிலோ குறையும். மூன்று ஆண்டில் 17 கிலோ. அப்படியே போனால் ஒரு கட்டத்தில் ஆளே மிஞ்ச மாட்டார். கணக்கில் ஏதோ கோளாறு என்பது அங்கேயே தெரிகிறது.

எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைகிறது என்பதுதான் விட்டுப்போன விஷயம். சின்ன உடம்பைச் சுமந்து நடக்கக் குறைந்த சக்தி போதும்; சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அது குறைவாகவே எரிக்கும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹால் குழுவினர் 2011-ல் இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். தினம் சுமார் 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால், கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறைய ஓராண்டு, ஏறத்தாழ முழுவதும் குறைய மூன்று ஆண்டு. நம் 120 கலோரி காபிச் சர்க்கரைக்கு இந்தக் கணக்கில் மொத்தம் ஐந்து கிலோ, முதல் ஆண்டில் இரண்டரை. ஐந்தும் குறைந்த பிறகு எடை அந்த இடத்திலேயே நிற்கும். ‘டயட் வேலை செய்யவில்லை’ என்று பலரும் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் டயட் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது.

இதைவிடப் பெரிய தடை பசி. ஒருவருக்குப் பசி எவ்வளவு கூடியிருக்கிறது என்று அளப்பது சுலபமில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை. ஹால் குழு 2016-ல் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. கானாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை, ரத்தத்தில் உள்ள குளுக்கோஸின் ஒரு பகுதியைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். சாப்பிடுபவருக்குத் தெரியாமலேயே தினமும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நிகரான கலோரி கழிந்துவிடுகிறது. அவர் டயட்டில் இல்லை, எதையும் விடவில்லை, யாரும் அவரைக் கட்டுப்படுத்தவும் இல்லை. எடை எந்த அளவுக்குக் குறைகிறது, எங்கே நிற்கிறது என்று ஓராண்டு பார்த்தால், அவர் எவ்வளவு கூடுதலாகச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார் என்பதைப் பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம். விடை: குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பசி தினம் சுமார் 100 கலோரி கூடுகிறது. உடல் செலவில் மிச்சம் பிடிப்பது கிலோவுக்கு 20 முதல் 30 கலோரி மட்டுமே. உடல் செலவைச் சுருக்குவதைவிடப் பல மடங்கு பலமாக வாயைத் திறக்க வைக்கிறது.

ஐந்து கிலோ குறைத்தவர் தினம் 500 கலோரி கூடுதலான பசியோடு வாழ்கிறார் என்று இதற்கு அர்த்தம். அவரைப் பார்த்து ‘வாயைக் கட்ட முடியல’ என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பலன் முதல் கிலோக்களில் குவிந்திருக்கிறது. எதிர்ப்போ ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறிக்கொண்டே போகிறது. பலன் கைக்கு வந்துவிட்ட, பசி இன்னும் சமாளிக்கும் அளவில் இருக்கிற இடமாகப் பார்த்தால் 5 முதல் 7 சதவீதம் வருகிறது.

மெதுவாகக் குறைத்தால்தான் நிலைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் நம்பினேன். ஆனால் ஆதாரம் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் சுமார் 200 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 12 வாரத்திலும் மறு பாதியை 36 வாரத்திலும் எடை குறைக்க வைத்தார்கள். வேகமாகக் குறைத்தவர்களில்தான் அதிகம் பேர் இலக்கை எட்டினார்கள். மூன்று ஆண்டு கழித்து இரு தரப்பும் குறைத்ததில் ஏறக்குறைய 71 சதவீதத்தைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். எந்த வேகத்தில் இறங்கினோம் என்பதைவிட, இறங்கிய பிறகு அந்தப் பசியை என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. எடை குறைக்க என்று இப்போது பேசப்படும் செமாகுளுடைட் ஊசி குறைப்பதும் இந்தப் பசியைத்தான். ஊசியை நிறுத்திய ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததும் அதனால்தான். (சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் திடீரென்று வெட்டினால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடலாம், மருத்துவரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.)

எடையே குறையாவிட்டால்? இதற்கு விடை சென்னையில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 531 இந்தியர்களை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. அவர்கள் சொன்ன அறிவுரை நம் வீட்டில் நடக்கக்கூடியது: தினம் அரை மணி நேரம் நடை, சர்க்கரையும் எண்ணெயும் மைதா வகையறாவும் குறைவு, நார்ச்சத்து அதிகம். ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவர்களிடம் அதையே தொடரச் சொன்னார்கள். ஆலோசனை எதுவும் தராத பிரிவில் மூன்று ஆண்டில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. அறிவுரையைப் பின்பற்றிய பிரிவில் 39.3 சதவீதம். இத்தனைக்கும் இந்தப் பிரிவினரின் எடையில் சொல்லிக்கொள்ளும்படி எந்தக் குறைவும் இல்லை.

நடக்கும்போது சுருங்கி விரியும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். நடை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாளைக்கு அந்தத் தசை இன்சுலினுக்கு நன்றாகப் பதில் சொல்லும். வாரத்தில் ஒருநாள் இரண்டரை மணி நேரம் நடப்பதைவிட, ஐந்து நாள் அரை மணி நேரம் நடப்பது மேல் என்பது இதனால்தான்.

ஆகவே இலக்கை எழுதி வைப்பவர்கள் ‘மார்ச்சுக்குள் 60 கிலோ’ என்று எழுதுவதைவிட, ‘ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் நடை’, ‘காபிக்கு அரை ஸ்பூன்’, ‘பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை நான் சாப்பிடுவதில்லை’ என்று எழுதலாம். எடை நம் கையில் இல்லை. இவை நம் கையில் இருக்கின்றன.

எடை மெஷினையும் அளவாகவே நம்ப வேண்டும். சோற்றை விட்ட முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் உடல் இருப்பு வைத்த சர்க்கரையான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்; இருப்பு கரைந்ததும் அதுவும் போய்விடும், கல்யாண வீட்டில் ஒரு விருந்து சாப்பிட்டதும் திரும்பி வந்துவிடும். தினம் பார்ப்பதானால் ஒரு வாரச் சராசரியை மட்டும் கணக்கில் எடுங்கள். கூடவே தையல்காரர் டேப் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்நுனிக்கும் நடுவில் சுற்றி, மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.