நாலு பிஸ்டன் காலிப்பர் மாட்டினால் பிரேக் பிடித்துவிடுமா?

சிங்கப்பூரில் உபி, காக்கி புக்கிட் பக்கம் பழைய பைக் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் பிரேக்குக்கு வந்துவிடும். எழுபதுகளின் ஜப்பான் பைக்கில் முன்னால் ஒற்றை பிஸ்டன் காலிப்பர் (பேடுகளை, அதாவது உரசும் கட்டைகளை, டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி), சக்கரத்தோடு சுழலும் துருப்பிடிக்காத எஃகு டிஸ்க். மழையில் நனைந்தால் அதுவும் அரைகுறை. "பேசாமல் புது மாடலின் நாலு பிஸ்டனை மாட்டு" என்பார் ஒருவர். மாட்டலாம்தான், ஆனால் பிஸ்டனை எண்ணிப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

லீவரைப் பிடித்தால் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் சின்ன பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய் முழுக்க ஒரே அளவு, பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான், அதனால் காலிப்பர் பிஸ்டனின் பரப்பு எத்தனை மடங்கு பெரிதோ விசையும் அத்தனை மடங்கு. பிஸ்டனின் விட்டம் மாஸ்டரில் 14 மி.மீ., காலிப்பரில் 38 மி.மீ. என்றால் சுமார் 7.4 மடங்கு. ஆனால் மடங்கு கூடக் கூட லீவரும் அதிக தூரம் போக வேண்டும்.

இங்கேதான் பலர் கணக்கில் தடுக்கி விழுகிறார்கள். மிதக்கும் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது பேடைத் தள்ளும்போது எதிர்விசையில் காலிப்பரே நகர்ந்து மறுபக்கப் பேடை இழுத்து வரும். நிலையான காலிப்பரில் இருபக்கமும் பிஸ்டன். ஆகவே எதை எதோடு ஒப்பிட்டாலும் ஒரு பக்கப் பரப்பை மட்டும் எடுங்கள். இரண்டு 27 மி.மீ. பிஸ்டன் உள்ள மிதக்கும் காலிப்பரும் பழைய ஒற்றை 38-ம் கிட்டத்தட்ட சமம், நம்பமாட்டீர்கள். பக்கத்துக்கு 34, 30 மி.மீ. என்று இருக்கும் நாலு பிஸ்டனைப் பழைய 14 மி.மீ. மாஸ்டரோடு சேர்த்தால் 10.5 மடங்கு: விசை உண்டு, லீவர் கைப்பிடியைத் தொட்டுவிடும். மாஸ்டரை 16 ஆக்கினால் 8 மடங்கில் நிற்கும்.

பழைய பிரிட்டிஷ் பைக்கான நார்ட்டன் கமாண்டோவின் கதை இதற்கு நேர்மாறு. அதன் மாஸ்டர் 15.9 மி.மீ., லீவர் கல் மாதிரி, வண்டியோ நிற்காது. காலிப்பரைத் தொடாமல் மாஸ்டருக்குள் சிலீவ் (உள்குழாய்) போட்டு 13 மி.மீ. ஆக்கினார்கள், விசை ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது. என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது இதுதான், செலவும் குறைவு.

சரி, காலிப்பரே வேண்டும் என்றால் டிஸ்க்கின் தடிமனைப் பாருங்கள். பழையவை 6, 7 மி.மீ. வரை இருக்கும், பிற்கால மாடல்களில் 4, 5 தான். தடித்த டிஸ்க்குக்கான காலிப்பரை மெல்லிய டிஸ்க்கில் மாட்டினால், பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்து ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தையே தாண்டக்கூடும். பேடின் உயரமும் டிஸ்க்கின் உரசும் பட்டையும் பொருந்த வேண்டும். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை ஏனோதானோ என்று வெட்டாதீர்கள், பிரேக் பிடிக்கும்போது டிஸ்க் காலிப்பரை இழுத்துச் சுழற்றப் பார்க்கும் விசை முழுவதும் அந்த இரண்டு போல்ட்டில்தான் விழும்.

நம்மூர் ஈரப்பதத்தில் ஆயிலும் சும்மா இருக்காது. டாட் 4 ஆயில் புதிதாக 230 டிகிரி வரை கொதிக்காது, நீரை உறிஞ்சியபின் கொதிக்க 155 டிகிரியே போதும். மாற்றும் நாளிலேயே புது ஆயில் ஊற்றிவிடுங்கள்.

அப்புறம், இடது வலது. பெரிதும் சிறிதுமாகப் பிஸ்டன் உள்ள காலிப்பரில் சுழலும் டிஸ்க் முதலில் சிறிய பிஸ்டனைத்தான் சந்திக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட் சாய்வாகத் தேயும். பக்கம் மாறினால் காற்றை வெளியேற்றும் பிளீட் நிப்பிளும் கீழே போய்விடும், உள்ளே காற்று தங்கி லீவர் பொதபொதவென்று இருக்கும். அப்படி மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே டிஸ்க் தடிமனுக்கு ஒரு மரத்துண்டை வைத்து, நிப்பிளை மேலே பார்க்கப் பிடித்துக்கொண்டு காற்றை வெளியேற்றுங்கள்.