ரீபூட் பண்ணியாச்சு சார், இப்ப லாக் அனுப்பட்டுமா?

லினக்ஸ் சர்வர்களுக்கு சப்போர்ட் தருவது என் வேலை. போன வெள்ளிக்கிழமை ராத்திரி வந்த டிக்கெட்டில், அதாவது புகாரில், மூன்றே வரிகள். ப்ரொடக்ஷன் சர்வர் ஹேங் ஆனது. ரீபூட் செய்ததும் சரியாகிவிட்டது. ஆர்சிஏ (மூலகாரண அறிக்கை) வேண்டும், அவசரம். கூடவே சர்வரின் நிலையைத் திரட்டித் தரும் ஒரு எஸ்ஓஎஸ் ரிப்போர்ட். பிரித்துப் பார்த்தேன். அப்டைம் (பூட் ஆனதிலிருந்து ஓடும் நேரம்) 2 மணி 50 நிமிடம், லோட் (வேலைச் சுமை) 0.03, மெமரியில் பாதிக்கு மேல் காலி. அந்த வாரம் முழுக்க இவ்வளவு ஆரோக்கியமான சர்வரை நான் பார்க்கவே இல்லை.

சர்வரின் பொது லாக்கான மெசேஜஸ் கோப்பைத் திறந்தால் கடைசி வரி இரவு 11:12. அதற்கு அடுத்த வரி 11:58, ஓஎஸ்ஸின் மையமான கர்னல் புதிதாக எழும்புகிற வரி. நடுவில் 46 நிமிடம் ஒரு எழுத்துகூட இல்லை. போனில் அந்தப் பக்கத்து மேலாளர் கேட்கிறார்: “லாக்ல எரரே இல்லையே, அப்போ உங்க ஓஎஸ்லதானே பிரச்சினை?”

இந்த மாதத்தில் இது ஆறாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

பலரும் நம்பிக்கொண்டிருப்பது இதுதான்: முதலில் ரீபூட் செய்து சர்வரை மேலே கொண்டுவந்துவிடுவோம், அப்புறம் நிதானமாக ரிப்போர்ட் எடுத்தால் நடந்ததெல்லாம் அதில் இருக்கும். இருக்காது. எஸ்ஓஎஸ் ரிப்போர்ட் எங்கேயோ உட்கார்ந்து எல்லாவற்றையும் பதிவுசெய்துகொண்டே இருப்பதில்லை. நீங்கள் கட்டளையை அடித்த அந்த நேரத்தில்தான் அது வேலையைத் தொடங்குகிறது. நூற்றுக்கணக்கான கட்டளைகளை ஓட்டி அவற்றின் வெளியீட்டையும், கான்ஃபிக் கோப்புகளையும், டிஸ்க்கில் ஏற்கெனவே கிடக்கும் லாக்குகளையும் வாரி மூட்டை கட்டி /வார்/டிஎம்பி அடைவில் வைக்கிறது. சூசே என்ற லினக்ஸ் வகையில் சப்போர்ட்கான்ஃபிக் என்ற கருவி செய்வதும் இதே வேலைதான். ப்ராசஸ் பட்டியல் என்றால் இப்போது ஓடும் ப்ராசஸ்கள். மெமரி என்றால் இப்போதைய மெமரி. வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றைப் படம் பிடித்து அனுப்பி, எத்தனை அடி தண்ணீர் வந்தது என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? கரையில் சேறு ஒட்டியிருந்தால் ஏதாவது ஊகிக்கலாம். அந்தச் சேற்றையும் ரீபூட் கழுவிவிடுகிறது.

எப்படி என்கிறீர்களா? டிமெசேஜ் என்ற கட்டளை காட்டுவது கர்னல் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் குறிப்பை. பவர் போனால் அதுவும் போச்சு. சேவைகளின் செய்திகளைத் திரட்டும் ஜர்னலும் பல சர்வர்களில் /ரன் அடைவில்தான் இருக்கிறது, அதாவது அதுவும் நினைவகத்தில். ரெட் ஹேட் லினக்ஸின் பல பதிப்புகளில் இதுதான் இயல்பு நிலை. “மெசேஜஸ் கோப்பு டிஸ்க்கில்தானே இருக்கிறது?” என்பீர்கள். சரி, அந்த டிஸ்க்கே சிக்கிக்கொண்டால்? லாக் எழுதுவதும் ஒரு டிஸ்க் வேலைதானே. ஸ்டோரேஜ் பதில் சொல்லாத நேரத்தில், “ஸ்டோரேஜ் பதில் சொல்லவில்லை” என்ற வரியை எங்கே போய் எழுதும்? அந்த 46 நிமிட வெறுமை அப்படி வந்ததாக இருக்கலாம். சர்வரே மொத்தமாக உறைந்திருந்தாலும் அதே வெறுமைதான் மிஞ்சும். இரண்டில் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. டிக்கெட்டை அப்படியேதான் மூடினோம். மேலாளருக்கு என்மேல் கோபம்.

நினைவகத்தில் இருந்த குறிப்பு அந்த நேரத்தில் கன்சோலில், அதாவது சர்வரின் சொந்தத் திரையில், ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். இன்ன டாஸ்க் 120 விநாடிக்கு மேல் தடைபட்டு நிற்கிறது என்று கர்னலே புலம்பும். ஒருவர் கன்சோலைத் திறந்து பார்த்திருந்தால் போதும்.

போனில் எடுத்த திரைப் படங்களை நான் வெறுப்பவன். வாட்ஸ்அப்பில் வரும், டியூப்லைட் வெளிச்சம் சரியாக முக்கியமான வரியின் மேல் விழுந்திருக்கும், ஓரத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல். ஆனால் இந்த ஓர் இடத்தில் மட்டும் விலக்கு: சர்வர் உறைந்துவிட்டது, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து லாகின்) போகவில்லை, கன்சோலில் எழுத்துகள் நிற்கின்றன என்றால் தயவுசெய்து போனில் படம் எடுங்கள். நான்கு எடுங்கள்.

லாகின் ஆக முடிகிறதா? அப்படியென்றால் ரீபூட்டுக்கு முன் எனக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். டிமெசேஜை மனிதர் படிக்கும் நேரக்குறியோடு ஒரு கோப்பில் போடுங்கள். ப்ராசஸ் பட்டியலை நிலையோடு சேர்த்து எடுங்கள். அதில் ‘டி’ என்ற நிலையில், அதாவது டிஸ்க் போன்றவற்றின் பதிலுக்காகக் காத்து, எத்தனை நிற்கின்றன என்று நான் முதலில் பார்ப்பேன். லோட் 180, ஆனால் சிபியு 97 சதவீதம் சும்மா இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டு எழுதுகிறார்கள். லினக்ஸில் டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கும் ப்ராசஸும் லோட் கணக்கில் சேரும், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அடுத்து மெமரி, சிபியு நிலையைக் காட்டும் விஎம்ஸ்டாட், ஒரு விநாடிக்கு ஒருமுறையாகப் பத்து தடவை. கடைசியாக ரூட்டாக (முழு அதிகாரக் கணக்கில்) நின்று எஸ்ஓஎஸ் ரிப்போர்ட். அது பாதியில் நின்றுவிட்டால் பரவாயில்லை, கைக்கு வந்ததை வேறு மெஷினுக்கு நகலெடுத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். வாடிக்கையாளர் கத்துகிறார் என்பது எனக்கும் தெரியும். காரணம் தெரியாமல் விட்டால் அடுத்த வாரமும் கத்துவார்.

எரர் என்ற சொல் உள்ள வரிகளை மட்டும் வடிகட்டி அனுப்புகிறவர்களே, வேண்டாம். மெமரி தீர்ந்து கர்னல் ஒரு ப்ராசஸைக் கொன்ற வரியில் எரர் என்ற சொல்லே இருக்காது.

நேரத்தையும் சரியாகச் சொல்லுங்கள். காலை 10 மணிக்குப் பிரச்சினை என்று டிக்கெட்டில் எழுதியிருப்பீர்கள், சர்வர் யுடிசியில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால், ஓடும். நான் 10 மணியைச் சுற்றி ஒரு மணி நேரம் தோண்டிய பிறகுதான் தெரியும், பார்க்க வேண்டியது 4:30 என்று.

இதெல்லாம் பிரச்சினை வந்தபின். வருவதற்கு முன் செய்து வைக்க மூன்று வேலை இருக்கிறது, மூன்றும் சேர்த்து ஒரு மதியம் ஆகாது. /வார்/லாக் அடைவுக்குள் ஜர்னல் என்று ஓர் அடைவை உருவாக்கி ஜர்னல் சேவையை மறுதொடக்கம் செய்தால், அது டிஸ்க்குக்கு வந்துவிடும். பிறகு முந்தைய பூட்டின் லாக்கையும் தனியாகப் பார்க்கலாம். டிஸ்க்கை நிரப்பிவிடுமோ என்ற பயம் வேண்டாம், தானாகவே 4 ஜிபிக்கு மேல் வளராது.

இரண்டாவது, சிஸ்ஸ்டாட். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிபியு, மெமரி, டிஸ்க் எல்லாவற்றையும் குறித்துவைக்கும். நிறுவினால் மட்டும் போதாது, உண்மையிலேயே ஓடுகிறதா என்று பாருங்கள். அந்தக் குறிப்பைப் படிக்கும் கட்டளைக்குப் பெயர் ‘சார்’. ஒருமுறை போனில், “சார் டேட்டா இருக்கா?” என்று கேட்டேன். “சார் இன்னும் வரலைங்க, பத்து மணிக்குத்தான் வருவார்” என்றார் அந்தத் தம்பி.

மூன்றாவது, கே-டம்ப். சர்வர் முழுசாக உறையும் கேஸில் என் கைக்கு உருப்படியாக வேறு எதுவும் வராது. நினைவகத்தில் கொஞ்சம் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்தால், கர்னல் விழும்போது அதிலிருந்து ஒரு குட்டிக் கர்னல் எழுந்து, விழுந்ததன் நினைவகத்தை /வார்/க்ராஷில் எழுதிவிடும். உறைந்து நின்றால், கர்னலுக்கே நேரடியாகக் கட்டளையிடும் சிஸ்ஆர்க்யூ விசையால் நீங்களே விழவைக்கலாம், ஆனால் அந்த விசைக்கு அனுமதி முன்பே திறந்திருக்க வேண்டும். மெயின்டனன்ஸ் நேரத்தில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சோதிக்காத கே-டம்ப் தேவைப்படும் நாளில்தான் டிஸ்க்கில் இடமில்லை என்று சொல்லும்.

ரகசியம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. பயனர் பாஸ்வேர்டுகளை மறைகுறியாக வைத்திருக்கும் ஷேடோ கோப்பை ரிப்போர்ட் எடுப்பதில்லை, தெரிந்த இடங்களில் பாஸ்வேர்டை மறைக்கவும் செய்யும். ஆனால் உங்கள் ஆள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கட்டளை வரியிலேயே அடித்து ஒரு ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டிருந்தால், அது ப்ராசஸ் பட்டியலில் பளிச்சென்று இருக்கும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன், பார்த்ததும் போன் செய்து மாற்றச் சொல்லியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஐபி, ஹோஸ்ட்நேம் வெளியே போகக்கூடாது என்றால் க்ளீன் என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். கையால் எல்லா ஐபியையும் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று அடித்து அனுப்பாதீர்கள். எந்த எக்ஸ் டேட்டாபேஸ், எந்த எக்ஸ் ஃபயர்வால் என்று எனக்கு எப்படித் தெரியும்? க்ளீன் விருப்பம் ஒரு பெயருக்கு எல்லா இடத்திலும் ஒரே மாற்றுப் பெயரை வைக்கும். எதற்கு எது என்ற பட்டியல் உங்களிடமே தங்கும். ஒருவர் அந்தப் பட்டியலையும் சேர்த்து அனுப்பியிருந்தார். பத்திரமாக இருக்கட்டுமாம்.

அப்புறம், டிக்கெட்டின் முதல் வரியில் ரீபூட் செய்தீர்களா இல்லையா என்று எழுதிவிடுங்கள். செய்திருந்தால் மறைக்க வேண்டாம், திட்டமாட்டேன். எப்படியும் அப்டைம் சொல்லிவிடும்.