மணலுக்குப் பதில் கண்ணாடித் துகள்: பிரிட்டன் சட்டம் என்ன சொல்கிறது?

பாலமோ கப்பலோ எண்ணெய்த் தொட்டியோ, இரும்புக்குப் புது பெயின்ட் அடிக்கும் முன் பழைய பெயின்ட்டையும் துருவையும் உரித்தாக வேண்டும். கம்ப்ரசர் காற்றில் கரகரப்பான துகள்களை வேகமாக அடித்து இதைச் செய்கிறார்கள். வேலைக்கு சாண்ட் பிளாஸ்டிங் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் பிரிட்டனில் அந்த மெஷினில் மணலைப் போடுவது சட்டவிரோதம்.

தடை 1949-லேயே சிறப்பு விதியாக வந்தது. இன்று அது, வேலையிடத்தில் உடல்நலத்துக்குக் கேடான பொருட்களைக் கட்டுப்படுத்தும், 'கோஷ்' (COSHH) என்று சுருக்கமாக அழைக்கப்படும் 2002-ம் ஆண்டு விதிகளின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மணலையும், தனிச் சிலிக்கா (மணலின் முக்கியப் பொருளான சிலிக்கா, வேறு பொருளோடு பிணையாத நிலையில்) கலந்த வேறு எதையும் பிளாஸ்டிங்கில் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. மணல் துகள் இரும்பில் மோதி நொறுங்கும்போது கண்ணுக்குத் தெரியாத படிகச் சிலிக்காத் தூசு கிளம்பும். அது நுரையீரலின் ஆழத்தில் தங்கித் தழும்பாக்குவதுதான் சிலிக்கோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றலாம்.

சரி, கண்ணாடியும் மணலில் இருந்துதானே வருகிறது? ஆமாம், பாட்டில் கண்ணாடியில் 70 சதவீதத்துக்கு மேல் சிலிக்காதான். ஆனால் சுமார் 1,500 டிகிரி வெப்பத்தில் உருகி ஆறும்போது அது படிக அமைப்பை இழந்து, சோடா, சுண்ணாம்போடு பிணைந்துவிடுகிறது. சட்டம் தடுப்பது தனிச் சிலிக்காவை. அதனால்தான் பழைய பாட்டில்களைக் கழுவி, நொறுக்கி, சலித்து எடுத்த துகளுக்கு அனுமதி உண்டு. குப்பைக்குப் போகிற பாட்டில் ஒரு தொழிலாளியின் நுரையீரலைக் காக்க உதவுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். சேகரித்த கண்ணாடியோடு பீங்கான் உடைசல் சேர்ந்துவிட்டால் அதிலுள்ள படிகச் சிலிக்காவும் கூடவே வந்துவிடும். எனவே வாங்கும்போது பாதுகாப்புத் தகவல் தாளில் படிகச் சிலிக்கா அளவைப் பாருங்கள். அப்புறம், துகள் நல்லதாக இருந்தாலும் உரிக்கப்படும் பரப்பு நல்லதாக இருக்க வேண்டுமே. கான்கிரீட்டையும் கல்லையும் அடித்தால் சிலிக்காத் தூசு அங்கிருந்தே வரும். அதற்கான வரம்பு, 8 மணி நேரச் சராசரியில், ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.1 மில்லிகிராம்தான். பழைய பெயின்ட்டில் ஈயம் இருந்தால் ஈயத்துக்கான தனி விதிகள் வேறு உண்டு. சாதாரணத் தூசே கன மீட்டருக்கு 10 மில்லிகிராமைத் தொட்டால், அல்லது நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்தூசு 4 மில்லிகிராமைத் தொட்டால், கோஷ் விதிகள் பொருந்தும். ஆகவே 'கண்ணாடிதானே' என்று சொல்லி மூச்சுக்கவசம் தராமல் இருக்க முதலாளியால் முடியாது.

தூசு உறிஞ்சும் சாதனத்தை 14 மாதத்துக்குள் ஒருமுறை முழுமையாகச் சோதிக்க வேண்டும். வார்ப்பு உலோகப் பொருட்களைத் தயாரிப்பின்போது பிளாஸ்டிங்கில் சுத்தம் செய்யும் இடங்களில் இது மாதாமாதம். சட்டப்படி தர வேண்டிய கவசத்துக்கோ உடல்நலக் கண்காணிப்புக்கோ தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது. அந்தக் கண்காணிப்புப் பதிவுகளை, கடைசிப் பதிவிலிருந்து 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

முன்பு மணலில் வேலை பார்த்து இப்போது சிலிக்கோசிஸ் வந்தவர்கள், தொழில்சார் ஊன உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களுக்கே இது கிடைக்கும். சுயதொழில் செய்தவர்களுக்கு இல்லை. பெரும்பாலான நோய்களுக்கு ஊனம் 14 சதவீதமாவது இருக்க வேண்டும். இந்த நோய்க்கு 1 சதவீதம் இருந்தாலே போதும்.