வாசலில் வந்து நிற்கும் மாட்டுக்கு முதலில் சோறு வைக்காதீர்கள்

"டாக்டர், எங்க தெருவுல ரெண்டு நாளா ஒரு மாடு நிக்குது, யாரோடதுன்னு தெரியல" என்ற அழைப்பு மாதத்தில் நான்கைந்து முறையாவது எனக்கு வந்துவிடும். வேலூரிலும் காட்பாடியிலுமாகப் பல ஆண்டுகள் கால்நடை மருத்துவம் பார்த்த பழக்கத்தில், அழைப்பவரிடம் நான் முதலில் கேட்பது "அதுக்கு என்ன போட்டீங்க?" என்பதைத்தான். பெரும்பாலும் பதில், "பாவம், பசியோட நின்னுச்சு, சோறு வெச்சோம்" என்பதாக இருக்கும். அந்தப் பதிலைக் கேட்டதும் மருந்துப் பெட்டியில் வயிற்றுப் புளிப்பை முறிக்கும் சோடா உப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் வண்டியை எடுப்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு அக்கினி நட்சத்திர வெயிலில், சத்துவாச்சாரியில் பாதி கட்டிய வீடு ஒன்றின் நிழலில் படுத்திருந்த ஜெர்சி கலப்பினக் கிடாரியைப் பார்க்கப் போனேன். முந்தைய நாள் பகலில் ஒரு விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றை இரண்டு அன்னக்கூடை நிறையக் கொண்டுவந்து அதன் முன் கொட்டியிருக்கிறார்கள். அலைந்து களைத்திருந்த மாடு மிச்சமில்லாமல் தின்றிருக்கிறது. நான் போனபோது அதன் இடது விலாப்பக்கம் பிசைந்த மாவைப் போல இருந்தது. கைமுட்டியால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல மேலே வந்தது; உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டது. கண்கள் உள்வாங்கியிருந்தன. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. தண்ணீராகக் கழிந்திருந்த சாணத்தில் புளித்த மாவின் வாடை அடித்தது. இரவு பத்து மணி வரை மருந்து ஏற்றியும் விடியற்காலையில் இறந்துவிட்டது. அன்று மதியம் பாலாற்றங்கரைப் பக்கமிருந்து ஒரு அம்மா கையில் கயிற்றோடு வந்து சேர்ந்தார். மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்தாராம். "அவளுக்குச் சோறே காட்டினதில்லையே டாக்டரே, புல்லும் தவிடும்தானே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கிடாரியின் காதில் மஞ்சள் வில்லை இருந்தது. அந்த மூன்று நாளில் ஒருவர் கூட அதைப் படித்துப் பார்க்கவில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். மாட்டின் பெருவயிற்றில் நார்ச்சத்தைச் செரிக்கப் பழகிய நுண்ணுயிரிகள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. புல்லும் வைக்கோலும் அவற்றுக்கான உணவு. பழக்கமில்லாத மாட்டுக்குள் சோறு, இட்லி மாவு, பொங்கல், ரொட்டி போன்ற மாவுப்பொருள் ஒரே நேரத்தில் அதிகமாகப் போனால், வேறு வகை நுண்ணுயிரிகள் பெருகி அதை வேகமாகப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. வழக்கமாக 6 முதல் 7 வரை இருக்கும் பெருவயிற்றின் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) 5க்கும் கீழே போய்விடும்போது, உடம்பிலுள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, மாடு ஒன்றிரண்டு நாளில் தரையில் சாய்ந்துவிடுகிறது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்கள் தொழிலில் யாருக்கும் ஓய்வு கிடைக்காததற்கும் இதுதான் காரணம். அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அளவில்தான் வினை. ஆகவே வாசலில் நிற்கும் மாட்டுக்கு நிழலும், ஒரு வாய் அகன்ற பாத்திரத்தில் சுத்தமான தண்ணீரும், கிடைத்தால் ஒரு கட்டு வைக்கோலோ புல்லோ போதும். வேலூர்க் கோடையில் கறவை மாடு ஒரு நாளைக்கு 60 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும் என்பதால், ஒரு குடம் வைத்துவிட்டு கடமை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. காய்கறித் தோலைப் பாலிதீன் பையோடு முடிச்சிட்டு வீசுவதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2019 அக்டோபரில் சென்னையில் கால்நடை மருத்துவர்கள் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள்.

அடுத்ததாக, நிற்பது உண்மையிலேயே வழி தவறிய மாடுதானா என்று பார்க்க வேண்டும். நகரத்துக்குள் மாடு வளர்ப்போரில் பலர் காலையில் பால் கறந்ததும் அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். மாலைக் கறவைக்கு அது தானாகவே வீடு திரும்பும். இப்படி விடுவது சரி என்று நான் சொல்லவில்லை. சாலையில் அடிபட்டு வரும் மாடுகளில் இவைதான் அதிகம். ஆனால் பகலில் உங்கள் தெருவில் அசைபோட்டுப் படுத்திருக்கும் மாடு அநேகமாக வழி தெரிந்த மாடு. இரவு எட்டு மணிக்கு மேலும் மடி விம்மி, காம்பில் பால் சொட்டச் சொட்ட கத்திக்கொண்டு நின்றால்தான் அது வீட்டைத் தொலைத்துவிட்டது என்று பொருள். புதருக்குள் தனியாகக் கிடக்கும் கன்றைப் பார்த்தவுடன் தூக்கிக்கொண்டு வருவதும் தவறு. புதிதாக ஈன்ற பசு கன்றை மறைவில் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். தூரத்தில் நின்று சில மணி நேரம் கவனித்தால் தாய் வருவது தெரிந்துவிடும். மாறாக, தொப்புள்கொடி கூடக் காயாத ஜெர்சிக் காளைக்கன்று சாலையோரம் கிடந்தால், அதைத் தேடி யாரும் வரப்போவதில்லை. ஏர் ஓட்டவும் வண்டி இழுக்கவும் ஆள் இல்லாத காலத்தில் கலப்பினக் காளைக்கன்றுக்கு மதிப்பில்லை என்று அதைக் கொண்டுவந்து விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அத்தகைய கன்றுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், அதாவது 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர், மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, வெதுவெதுப்பாக, பால் புட்டியில் தானாகச் சப்பிக் குடிக்கும்படி கொடுக்க வேண்டும். தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

தையிலிருந்து பங்குனி வரை நம் பக்கத்தில் எருது விடும் விழாக்களின் காலம். ஓடுதளத்தின் முடிவில் நிற்காமல் ஓடிவிடும் காளை, வயல், சாலை, ரயில் பாதை எதையும் பாராமல் பல கிலோமீட்டர் தள்ளி முன்பின் தெரியாத ஊருக்குள் நுழைந்துவிடுவது உண்டு. கொம்பில் வண்ணமும் கழுத்தில் சலங்கையுமாக, வாயில் நுரை தள்ள நிற்கும் அந்தக் காளையைச் சுற்றி வளைத்துச் செல்போனில் படம் எடுப்பது போன்ற மடத்தனம் வேறில்லை. பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, அது தானாக வெளியேற ஒரு வழியை மட்டும் திறந்து விட்டுவிட்டு, காவல்துறைக்குச் சொல்லுங்கள். தேடி வரும் ஆட்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுவார்கள்.

சாதுவான பசுவாக இருந்தாலும் நேர் பின்னாலிருந்து அணுகக் கூடாது. அதன் கண்ணுக்கு அந்த இடம் தெரியாது. மாட்டின் உதை பின்னோக்கி மட்டும் போவதில்லை, முன்னும் பக்கவாட்டிலும் வளைத்து அடிக்கும். குரல் கொடுத்துக்கொண்டே தோள்பட்டைப் பக்கமாகப் போய், கழுத்துக் கயிற்றையோ தலைக்கயிற்றையோ பிடித்துக் கட்டுங்கள். மூக்கணாங்கயிற்றைத் தூணோடு இறுக்கிக் கட்டிவிட்டால், ஒரு லாரி ஹாரனுக்கு மிரண்டு இழுக்கும்போது மூக்குத் தண்டு கிழிந்துவிடும். இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு முடிச்சும் வேண்டாம்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் ஒரு விஷயம். மாடு எச்சில் ஒழுக்கிக்கொண்டு, விழுங்க முடியாமல், தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது போல நின்றால் வாய்க்குள் கையை விடாதீர்கள். மாங்கொட்டையோ தேங்காய்ச் சில்லோ மாட்டியிருக்கலாம். ஆனால் வெறிநோய் கண்ட மாடும் சரியாக இப்படித்தான் நிற்கும். தெருநாய் என்றோ கடித்திருக்கும்; வாரங்களோ மாதங்களோ கழித்து, குரல் கரகரத்து ஓயாமல் கத்துவது, பின்னங்கால் தள்ளாடுவது, வால் தொங்கிப்போவது, கண்டதையெல்லாம் முட்டுவது என்று நோய் வெளிப்படும். அந்த எச்சில் கையிலுள்ள சிறு கீறலில் பட்டாலும் ஆபத்துதான். நல்லெண்ணம் கொண்ட இளைஞர்கள் முழங்கை வரை உள்ளே விட்டுவிட்டு, பிறகு என்னிடம் "ஒண்ணும் சிக்கல சார்" என்று சொன்ன இரண்டு சந்தர்ப்பங்களில் எனக்கு வியர்த்துவிட்டது. அப்படிப் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்கி, எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். அதே போல், திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் வடியும் மாட்டை யாரும் தொடவோ தோலுரிக்கவோ கூடாது. அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், அது மனிதருக்கும் வரும்.

வண்டி மோதி விழுந்த மாட்டை வாலைப் பிடித்து இழுத்து ஓரம் கட்டுவதை நெடுஞ்சாலையில் அடிக்கடி பார்க்கிறேன். இடுப்பெலும்பு உடைந்திருந்தால் அந்த இழுவையே அதை முடித்துவிடும். முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்த வழி செய்துவிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் மாட்டை நான்கு பேராகச் சேர்ந்து நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, இருபுறமும் மணல் மூட்டையோ வைக்கோல் கட்டோ அணை கொடுங்கள். சாய்ந்தே கிடந்தால் வயிறு உப்பி மூச்சு முட்டிவிடும். காயத்தில் என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், சாம்பல் எதுவும் வேண்டாம். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962, தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் கூடவே 1033.

உங்கள் வீட்டிலேயே மாடு இருந்தால், வந்த மாட்டை அதே கொட்டகையில் கட்டாதீர்கள், அதே தொட்டியில் தண்ணீர் காட்டாதீர்கள். கோமாரியும் தோல் கழலை நோயும் அப்படித்தான் வந்து சேரும்.

சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க மிக எளிய வழி காதில் இருக்கிறது. மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். கிட்டப் போக வேண்டியதில்லை, செல்போனில் பெரிதாக்கிப் படம் எடுத்து அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டினால் பதிவில் இருக்கும் பெயரையும் ஊரையும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பொய்கைச் சந்தையில் கைமாறிய மாடாக இருந்தால் பழைய உரிமையாளரின் பெயரே வரக்கூடும். அவரைக் கேட்டால் யாருக்கு விற்றார் என்ற அடுத்த நூல் கிடைக்கும். வில்லை இல்லாவிட்டால் படத்தோடு காவல் நிலையத்திலும், மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ தகவல் கொடுத்துவிடுங்கள். பயிரை மேய்ந்துவிட்டது என்று பிடித்துக் கட்டிய மாட்டை 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு, அதாவது பிடிபட்ட மாடுகளை அடைத்து வைக்கும் பட்டிக்கு, அனுப்ப வேண்டும் என்பது 1871ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. செடியைத் தின்றது என்று கொதிநீர் ஊற்றுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: விலங்கை ஊனப்படுத்துவது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

தகவல் பரவினால் சொந்தக்காரர் மட்டும் வரமாட்டார், தரகரும் வருவார். அதனால் மாட்டின் முழுப் படத்தையும் எல்லோருக்கும் அனுப்பாமல், ஓர் அடையாளத்தையாவது உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். காட்பாடிப் பக்கம் ஒரு வீட்டில் கட்டியிருந்த மயிலை (சாம்பல் நிற)ப் பசுவுக்காக மினி லாரியோடு இருவர் வந்து நின்றபோது, "சுழி எங்கெங்கே இருக்கு?" என்று, மாட்டின் உடம்பில் மயிர் சுழித்து வளர்ந்திருக்கும் இடங்களைக் கேட்டேன். "என்ன சார் சுழி கிழின்னுக்கிட்டு, மாடு எங்களுது" என்றார்கள். சுழி பாராமல் மாடு பிடிக்கும் விவசாயியை நான் இந்த மாவட்டத்தில் கண்டதில்லை. மாலையில் அணைக்கட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர், மாட்டைப் பார்ப்பதற்கு முன்பே, வாசல்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நெத்தியில ரெண்டு, முதுகுல ஒண்ணு. வலது காதுக்குப் பின்னால ஒரு மரு இருக்கும், வெயில் காலத்துல அத தூண்ல தேய்ச்சிக்கிட்டே நிக்கும்" என்றார். ஆதார் நகலை வாங்கிக்கொண்டு, பிள்ளையின் நோட்டிலிருந்து கிழித்த தாளில் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம். பெரியவர், மாட்டைக் கட்டி வைத்திருந்த வீட்டுக்காரரின் கயிற்றை அவிழ்த்துச் சுற்றி அந்த வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டு, தோளில் கொண்டுவந்திருந்த தன் கயிற்றைப் பசுவின் கழுத்தில் போட்டார்.