மழைக்காலத்தில் கேமராவைப் பூட்டி வைக்காதீர்கள்

சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சாலையோர டிரம்பெட் மரங்கள் பூக்கத் தொடங்கும் நாள்களில், கேமரா பழுதுபார்க்கும் எங்கள் மேசைக்குப் பூஞ்சை பிடித்த லென்ஸ்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. சென்ற வாரம் வந்ததும் அதுவே. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரச் செடிகளையும் அவற்றில் கூடு கட்டும் தேன்சிட்டுகளையும் ஆண்டு முழுதும் ஆசையாகப் படமெடுக்கும் ஒருவர், டிசம்பர் மழைக்கு அஞ்சி, கேமராவைப் பையிலிட்டுத் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். லென்ஸை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், உள்கண்ணாடியின் விளிம்பிலிருந்து மெல்லிய வெண்ணிற இழைகள் கிளைவிட்டு நடுப்பகுதிவரை படர்ந்திருந்தன. “ஒரு சொட்டு மழைகூடப் படவில்லையே, அண்ணே!” என்றார்.

மழை படவே வேண்டியதில்லை என்பதை எத்தனை முறைதான் சொல்வது? இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியிலேயே 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது; விடியற்காலையில் பெரும்பாலும் 90ஐயும் கடக்கிறது. பூஞ்சை வளர அதைவிடக் குறைந்த ஈரமே போதும். பையின் மெத்தைத் துணி அந்த ஈரத்தை இழுத்துத் தன்னுள் வைத்துக்கொள்ள, இருட்டும் காற்றோட்டமின்மையும் மீதி வேலையை முடித்துவிடுகின்றன. குளிரூட்டிய அறையில்தானே இருக்கிறது என்ற நிம்மதியும் வேண்டாம். இரவெல்லாம் குளிர்ந்த கண்ணாடியில், காலையில் சன்னலைத் திறந்ததும் வெளிக்காற்றின் ஈரம் நீராகப் படிகிறது. அந்துருண்டையும் கற்பூரமும் போட்டு வைக்கிறவர்கள், தயாரிப்பாளர்களின் கையேடுகளே அதைத் தடுப்பதை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் டிரை கேபினெட் நல்லது. அதற்கு வசதியில்லையென்றால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறிய ஈரப்பதமானியும் போதும். ஆனால் நிறம் மாறிய ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தாமல் மாதக்கணக்கில் போட்டு வைப்பதில் பயனில்லை. குளிர் அறையிலிருந்து வெளியே கொண்டுசெல்லும் கேமராவை மூடிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, வெளிச்சூட்டுக்குப் பழகிய பிறகே திறங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தயவுசெய்து மழை மாதங்களிலும் கேமராவைக் கையில் எடுங்கள். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு வலசை வரும் பறவைகள் மார்ச் வரை அங்கேதான் இருக்கின்றன; மழைவிட்ட மாலையில் உங்கள் தாழ்வாரச் செடிகளும் படமெடுக்கத் தக்கவையே. லென்ஸில் பூஞ்சை இழை தென்பட்டால், நீங்களே திருகிக் கழற்றித் துடைக்க முயலாமல், அந்த லென்ஸை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, உடனே பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்ட பின்னர் கொண்டுவந்தால், பூஞ்சையை எங்களால் நீக்க முடியும். அரித்த தடத்தை நீக்க முடியாது.