ஒரிகமி, தாள்மடிப்பு, ஈரமடிப்பு: சொல் விளக்கம்

இலங்கையின் மலையகப் பாடசாலைகளின் சித்திரக் கண்காட்சிகளில், மடித்துச் செய்த கொக்கும் தவளையும் வைக்கப்படும் மேசைகளில், 'ஒரிகாமி', 'ஓரிகாமி', 'ஒரிகமி' எனப் பலவிதமாகப் பெயரட்டை எழுதப்படுவதுண்டு. யப்பானிய மூலச்சொல்லில் உயிர்கள் நான்கும் குறிலே ஆதலால் ஒரிகமி என்பதே ஒலிக்கு நெருக்கமானது. 'ஒரி' என்பது மடித்தல். 'கமி' என்பது தாள். இரண்டும் புணரும்போது கமியின் ககரம் மெலிந்து ஒலிக்கும்; தமிழிலும் உயிர்களுக்கு இடையே நிற்கும் தனிக் ககரம் மெலிவதே இயல்பு என்பதால் நமக்கு வேறு எழுத்து எதுவும் தேவைப்படவில்லை. கமி என்ற ஒலிக்குத் தெய்வம் என்ற பொருளும் இருப்பதைப் பிடித்துக்கொண்டு இக்கலைக்குத் தெய்வத்தோடு முடிச்சுப் போடுவோர் உளர். ஒலி ஒன்றாயினும் அவை இரு வேறு சொற்கள்.

இச்சொல் தொடக்கத்தில் இக்கலையின் பெயராக இருக்கவில்லை. மடித்த தாளில் எழுதிய ஆவணம், குறிப்பாக வாளின் தரத்துக்குச் சான்றுரைக்கும் பத்திரம், ஒரிகமி எனப்பட்டது. உருவம் மடிப்பதை 'ஒரிகத' என்றனர். 1797இல் கியோத்தோவில் வெளியான, பிணைந்த கொக்குகளை மடிக்கக் கற்பிக்கும் புகழ்பெற்ற நூலின் தலைப்பிலும் அச்சொல்லே இருக்கிறது. 1876இல் தோக்கியோவில் பாலர் பாடசாலை தொடங்கப்பெற்று, பாலர் கல்வியின் முன்னோடியான ஜேர்மானியர் பிரோபலின் கல்விமுறையோடு தாள் மடித்தலும் வகுப்பறைக்குள் நுழைந்த பின்னரே ஒரிகமி என்ற சொல் இன்றைய பொருளில் நிலைபெறலாயிற்று.

தமிழில் நேர்ச்சொல் அமைப்பது கடினமன்று. காகிதம் பாரசீக வழி வந்தது; இலங்கையில் நாம் பேச்சிலும் எழுத்திலும் ஆளும் கடதாசி, போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு என்பர். தமிழ்நாட்டில் கடுதாசி என்றால் கடிதம். இங்கு கடதாசி என்றால் எழுதுவதற்குரிய தாளே. நெல்லின் தாளுக்கும் புத்தகத்தின் தாளுக்கும் பொதுவான 'தாள்' என்ற சொல் இரு கரையிலும் ஒரே பொருளில் விளங்குவதால் 'தாள்மடிப்பு' என்பதையே நான் தெரிவேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது 'கடதாசி மடித்தல்' என்பதில் குறையேதும் இல்லை.

சிக்கல் இரண்டாம் பாதியில், அதாவது 'மடிப்பு' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. மடித்தல், வளைத்தல், சுருட்டுதல், கசக்குதல் ஆகிய நான்கையும் தமிழ் தெளிவாக வேறுபடுத்துகிறது: மடித்தால் கோடு விழும், வளைத்தால் கோடு விழாது. அப்படியானால், யானையின் துதிக்கையும் மனித முகத்தின் கன்னமும் கோடே இல்லாத வளைவுகளாக எழுந்து நிற்கும் சிற்பத்தன்மை வாய்ந்த உருவங்களை மடிப்பு என்று சொல்லலாமா என்ற கேள்வி எழுகிறது.

அத்தகைய உருவங்களுக்கு வழிதிறந்தவர் யப்பானியக் கலைஞர் அகிரா யொஷிசாவா (1911–2005). கோடுகளையும் அம்புக்குறிகளையும் கொண்டு மடிப்பு வரிசையை எழுதும் முறையை 1954இல் வெளியான தமது நூலின் வழியே பரப்பியவரும் அவரே. தாளை ஈரப்படுத்தி மடிக்கும் உத்தியை உருவாக்கியவரும் அவரே. தாள் என்பது தாவர நார்களின் பின்னல். தடித்த நல்ல தாள்களில் அந்நார்களுக்கிடையே நீரில் இளகும் பசைப்பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். ஈரம் பட்டதும் அப்பசை தளர்கிறது, நார்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே நழுவுகின்றன, தாள் மெல்லிய தோல்போல் வளைந்து கொடுக்கிறது. உலர்ந்ததும் பசை மீண்டும் இறுகி, வளைத்த வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்கிறது. பசை குறைந்த தாளுக்கு மெதில் செலுலோசு என்னும் நீரில் கரையும் பசையைப் பூசுவதும் உண்டு. சாதாரணப் பிரதித் தாள் சதுர மீற்றருக்கு 80 கிராம் நிறையுடையது. ஈரத்தில் மடிப்பவர்கள் 160 கிராம் அளவிலான தாளையும் கையாள்கின்றனர். நனைந்த தாள் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே கூடுதலாக விரிவதால், ஈரப்படுத்திய பிறகு சதுரத்தைச் சரிபார்த்து வெட்டுவதே நல்லது.

பெயரும் இதிலிருந்தே பிறக்கிறது. 'நனைமடிப்பு' என்றால் தாளை நீரில் தோய்த்தெடுப்பதாகத் தோன்றும். அப்படிச் செய்தால் மடிப்புகள் சந்திக்கும் மூலைகள் கிழிந்துவிடும். நீர் பளபளக்காமல், தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும் பதமே வேண்டியது என்பதால் 'ஈரமடிப்பு' என்பதே பொருந்தும்.

இது உண்மையான ஒரிகமி அன்று என்போர் பெரும்பாலும் மரபைத் துணைக்கு அழைக்கின்றனர்: ஒரே சதுரம், வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது. இவ்விதி அவர்கள் நினைக்குமளவுக்குப் பழையதன்று. மேற்சொன்ன 1797ஆம் ஆண்டு நூலிலுள்ள கொக்குக் கூட்டங்கள், தாளை ஆங்காங்கே வெட்டி, மூலைகளை மட்டும் இணைப்பாக விட்டு மடிக்கப்படுபவை. வெட்டும் அந்நூல் மரபாகுமென்றால் வெட்டாத ஈரமடிப்பை வெளியே நிறுத்த நியாயம் இல்லை.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. ஈரத்தாளில் விரலால் அழுத்தி எழுப்பிய கன்னத்துக்கு வரைபடம் இல்லை. இன்னொருவர் அதைப் பார்த்து மடிக்க முடியாது. ஆகவே அது சிற்பியின் கைவேலையே தவிர மடிப்பன்று என்பது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பிரான்சின் எரிக் ஜுவாசெல் (1956–2010) சிற்பியாக இருந்து இக்கலைக்கு வந்தவர். அவர் மடித்த குள்ளர் உருவங்களின் முகபாவத்தை வரைபடத்தில் அடக்க இயலாது. ஆனால் அவ்வுருவத்துக்குக் கையும் காலும் தாடியும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், சதுரத்தில் முன்கூட்டியே திட்டமிட்டு விழுத்திய மடிப்புக் கோடுகளிலிருந்து என்பதே விடை. உருவத்தை விரித்துப் பார்த்தால் ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய கோடு தாளில் இருக்க வேண்டும். இருந்தால் அது தாள்மடிப்பு, பின்னர் விரல் எவ்வளவு வளைத்திருந்தாலும் சரி. கடதாசிக் கூழில் பிசைந்த முகமூடிக்கு விரிக்கவே தாள் இல்லை. ஈர்க்குக் குச்சிகளையும் பசையையும் கொண்டு கட்டும் வெசாக் பண்டிகை விளக்குக் கூடு, எவ்வளவு அழகாயினும், இச்சொல்லுக்குள் வராது. தாளைக் கசக்கிக் காளான் செய்யும் பிரெஞ்சுக் கலைஞர் வின்சென்ட் புளோதரரின் முறைதான் உண்மையில் எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதைக் 'கசக்கு மடிப்பு' என்று தனியே சொல்வது நேர்மை.

ஆக, முடிவுருவத்தைத் 'தாள்மடிப்புச் சிற்பம்' எனலாம். 'காகிதச் சிற்பம்' என்று சுருக்கினால் வெட்டி ஒட்டியவையும் உள்ளே நுழைந்துவிடும்.

ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் சாதாரணத் தாளில் மடித்த கொக்கு ஓரிரு நாளிலேயே சிறகு தளர்ந்துவிடும்; காற்றின் ஈரமே மடிப்பை நெகிழ்த்துகிறது. பசையுள்ள தடித்த தாளின் ஈரமடிப்பு அதைவிடத் தாக்குப்பிடிக்கும், ஆனால் உலர நெடுநேரம் எடுக்கும். அதுவரை வடிவத்தைப் பிடித்திருக்கும் கவ்விகளையோ காகித ஒட்டுநாடாவையோ கழற்றாதிருக்க வேண்டும். உலர்ந்தபின் அவை அகற்றப்படுவதால் ஒட்டியதாகக் கணக்காகாது. கண்காட்சிப் பெயரட்டையில் 'தாள்மடிப்புச் சிற்பம் – ஈரமடிப்பு, ஒரே சதுரத் தாள், வெட்டு இல்லை' என்று எழுதலாம்; வெட்டியிருந்தால் அதையும் எழுதலாம்.